அப்பா பெயர் இருக்கிறது, அப்பாவின் எண் இல்லை

2025 செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் பேங்கிலிருந்து வீட்டுக்கு வந்தால், மாடிப்படிக்குக் கீழே கரண்ட் மீட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கரண்ட் பில் பாக்கி என்று பயந்துவிட்டேன். (மாசாமாசம் அடுத்தவர் பாக்கியைத் துரத்துகிறவனுக்கு தன் பாக்கி என்றால் நடுக்கம்தான்!) விசாரித்தால், கர்நாடக அரசு வீடு வீடாக எடுக்கப்போகும் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கான அடையாளமாம். மீட்டர் ரீடர்கள் ஒட்டிவிட்டுப் போவார்கள், அப்புறம் பள்ளிக்கூட ஆசிரியர்கள் செல்போனும் கையுமாக வருவார்கள், அறுபது கேள்விகள் என்றார் வீட்டு ஓனர்.

நான் இருப்பது மைசூரில் தேவராஜ மொஹல்லா. பூ மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடி. காலையில் ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசமும் அழுகின வாழைப்பழ வாசமும் ஒன்றாக வரும். அந்தப் பக்கம் சின்ன கடியாரம், இந்தப் பக்கம் தேவராஜ அரசு ரோடு. சொந்த ஊர் வீரவநல்லூர், திருநெல்வேலி ஜில்லா. மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கன்னடம் கவுண்டருக்கு வேண்டிய அளவு வரும். கோபப்படுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

சொன்ன மாதிரியே ஒரு டீச்சரம்மா வந்தார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தோம். பெயர், வயசு, படிப்பு, "தந்தெ ஹெசரு?" என்று வரிசையாகக் கேட்டுக் கட்டை விரலால் தட்டிக்கொண்டே போனார். குலகசுபு என்ன என்றபோது மட்டும் நான் கொஞ்சம் நிறுத்தினேன். குலத்தொழில். "நேகாரிகெ" என்றேன். நெசவு. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பேங்க் காலண்டரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே தட்டினார். நெசவு ஒரு கட்டத்தில், பேங்க் வேலை இன்னொரு கட்டத்தில். இடையில் என்ன நடந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. அதற்கு ஒரு ஆப்பில் கட்டம் இருக்கவும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பையனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் லேப்டாப்பில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினான். காலேஜில் ஏதோ ப்ராஜெக்டுக்காகப் பார்த்ததாம். 'ஆப்பர்ச்சுனிட்டி அட்லஸ்' என்று பெயர். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பி.காம் படித்தவன், எண்ணும் கட்டமும் என்றால் விடமாட்டேன். இரண்டு மாசமாகப் படித்ததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளவும் :-)

முதலில் அந்த அட்லஸ். 2018 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்க சென்சஸ் துறையோடு சேர்ந்து செய்தவர்கள் ஹார்வர்டில் ராஜ் செட்டி என்ற பொருளாதாரப் பேராசிரியரின் குழு. பெயரைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், பெற்றோர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள். இவர் 1979ல் டெல்லியில் பிறந்து, ஒன்பது வயசில் அமெரிக்கா போனவர். 2013ல் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் வாங்கினார். நாற்பது வயசுக்குள் இருக்கும் பொருளாதாரக்காரர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் பெரிய மரியாதை அது.

அட்லஸ் செய்கிற காரியம் கேட்க எளிமையானது. அமெரிக்காவைச் சுமார் 70,000 சின்னச் சின்னப் பேட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பேட்டையைச் சொடுக்கினால், அங்கே ஏழை வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் முப்பத்தைந்து வயசு வாக்கில் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று சொல்லும். குறைச்சல் என்றால் சிவப்பு, அதிகம் என்றால் நீலம். இரண்டு தெரு தள்ளினால் நிறம் மாறும். 1978லிருந்து 1983 வரை பிறந்த ஏறக்குறைய 2 கோடிப் பேருடைய கணக்கு. இதற்கு முன்பே 2014ல் அவர்கள் ஊர் வாரியாக ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறுகிற வாய்ப்பு சான் ஹோசேயில் 100க்கு 12.9, சார்லட் நகரத்தில் 4.4. ஒரே நாடு, ஒரே டாலர்.

இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் என்னைப் போன்ற கணக்கப்பிள்ளைகளுக்கு முக்கியம். அங்கே வருமான வரிப் படிவத்தில் அப்பா, தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகளின் எண்ணைக் குறிப்பிடுவார். அந்தப் பிள்ளை வளர்ந்து அதே எண்ணில் தன் படிவத்தைத் தாக்கல் செய்வான். 1990களின் அப்பா படிவத்தையும் இருபது வருஷம் கழித்து வந்த பிள்ளை படிவத்தையும் அந்த எண்ணை வைத்து ஒட்டினால் ஆச்சு. பெயர்களை நீக்கிவிட்டு, ஒட்டினதைக் கூட்டிச் சராசரி எடுத்து நிறம் பூசினால் அட்லஸ். மென்பொருள் எல்லாம் அப்புறம். உயிர்நாடி அந்த ஒட்டுதல்தான்.

இப்போது நம்ம ஊர் பேங்க் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பான் விண்ணப்பத்திலும் இருக்கிறது. என் டேபிளில் இருபது வருஷமாக எத்தனை ஆயிரம் அப்பா பெயர்கள் கடந்து போயிருக்கின்றன! ஆனால் அப்பாவின் பான் எண் எந்தப் படிவத்திலும் கிடையாது. அப்பாவுக்கு பான் இருந்திருந்தால்தானே? வருமான வரி கட்டினவர்களே கொஞ்சம் பேர். முருகன் என்பவருக்கு மகன், அவ்வளவுதான். எந்த முருகன்?

ஆக, இந்த நாட்டில் யார் ஏறினார், யார் அங்கேயே நின்றார் என்று வரைந்து பார்க்க நினைத்தவர்களுக்கு அப்பா-மகன் நூல் கையில் இல்லை. அதற்குப் பதில் அவர்கள் கையில் எடுத்தது சாதி அட்டவணை. அந்த அட்டவணையின் கதையில் மைசூருக்குப் பெரிய பங்கு உண்டு. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே பாதிக் கதை நடந்திருக்கிறது.

மகாராஜா காலேஜிலிருந்து ஆரம்பிக்கலாம். 1936ல் அங்கே சமூகத் தத்துவம் படித்து முடித்த பையன் ஒருவர், மைசூர் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, 1916ல் இந்த ஊரில் பிறந்தவர். எம்.என். ஸ்ரீநிவாஸ். (மைசூர் ஐயங்கார்கள் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டிருக்கிறீர்களா? பாதி வாக்கியத்தில் கன்னடம் கை கொடுக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பம்பாய், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. 1948ல் மைசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார். புத்தகத்தில் அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர் வைத்தார்.

சாதி அசையாத கல் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், இல்லை, அது நகர்கிறது என்று சொன்னவர் அவர். ஒரு சாதி மொத்தமாக மாமிசத்தை விடும், சடங்குகளை மாற்றும், பெயரை மாற்றும், இரண்டு தலைமுறையில் ஒரு படி மேலே உரிமை கொண்டாடும். இதற்கு 1952ல் குடகு பற்றிய புத்தகத்தில் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்று பெயர் கொடுத்தார். இதில் என்னை நிறுத்திய விஷயம், ஏறுவது ஆள் இல்லை, கூட்டம். ஒருத்தன் மட்டும் பணக்காரனாகிவிட்டால் போதாது, அவன் சாதியே கூட ஏறினால்தான் அவனுக்கு மரியாதை. படிகள் அப்படியே இருக்கும், நிற்கிற ஆட்கள்தான் இடம் மாறுவார்கள்.

அவருடைய கருவி என்ன? அட்டைகள். வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்புகள். அவற்றை மூன்று படிகளாக வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கி வேலை செய்துகொண்டிருந்த ஆய்வு மையத்தில் யாரோ தீ வைத்தார்கள். மூன்று படிகளும் அவர் அறையிலேயே இருந்தன. பேங்க்காரனாக இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. நகலை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு வருஷா வருஷம் சர்க்குலர் வரும். அவர் பிறகு நினைவிலிருந்தே எழுதிய புத்தகம் 1976ல் வெளிவந்த 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்', நினைவில் நின்ற கிராமம்.

நிற்க. கூட்டமாக ஏறுவதற்கு அரசாங்க அட்டவணையே ஏணியான கூத்தைச் சொல்ல வேண்டும். 1901 சென்சஸில் ரிஸ்லி என்ற வெள்ளைக்கார ஆணையர் சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். அவ்வளவுதான், நாடு முழுக்க மனுப் போர். எங்களை அந்த வரிசையில் போடாதே, இந்தப் பெயரில் எழுது என்று. 1911ல் வங்காளத்தில் மட்டும் வந்து குவிந்த மனுக்களின் எடை ஒன்றரை மவுண்டு என்று அங்கிருந்த சென்சஸ் அதிகாரி பதிந்திருக்கிறார். நம் கணக்கில் ஐம்பது கிலோவுக்கு மேல். அளக்க வந்த முழக்கோலைப் பிடித்தே மேலே ஏறப் பார்த்தார்கள்.

மைசூரில் இது வேறு ரூபம் எடுத்தது. இங்கே சமஸ்தான உத்தியோகங்களில் பெரும்பகுதி பிராமணர்கள் கையில் இருந்தது. ஜனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். லிங்காயத்துகள் 1905ல் கல்வி நிதிச் சங்கம் வைத்தார்கள், ஒக்கலிகர்கள் 1906ல் சங்கம் வைத்தார்கள். 1917ல் பிரஜாமித்ர மண்டலி வந்தது. 1918ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரிடம் போய் முறையிட்டார்கள். மகாராஜா ஒரு குழு போட்டார். தலைவர் சர் லெஸ்லி மில்லர், மைசூர் தலைமை நீதிபதி. திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை, தகுதி கெட்டுவிடும் என்பது அவர் வாதம். அந்த வருஷக் கடைசியிலேயே பதவியை விட்டுப் போனார். இந்த ஊரில் அவரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் அதிகம். கண்ணம்பாடி அணையைப் பார்த்தால் எனக்கும் கும்பிடத் தோன்றும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மகாராஜா பக்கம்தான் ஓட்டு.

1919ல் மில்லர் குழு அறிக்கை வந்தது. பின்தங்கியவர் என்பதற்கு அவர்கள் பிடித்த அளவுகோல்: சென்சஸ் கணக்கில் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இருக்கிற சமூகம். ஏழு வருஷத்துக்குள் மேல்நிலை உத்தியோகங்களில் பாதி, கீழ்நிலையில் மூன்றில் இரண்டு பங்கு, பிராமணரல்லாதாருக்குப் போக வேண்டும் என்றார்கள். 1921ல் அரசாணை. மெட்ராஸில் ஜஸ்டிஸ் கட்சி வகுப்புவாரி ஆணை போட்ட அதே வருஷம். நாம் பனகல் ராஜாவையும் முத்தையா முதலியாரையும் சொல்லிப் பெருமைப்படுகிறோமே, எல்லை தாண்டி இங்கே ஒரு மன்னர் அதையே சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்பது ஊரை விட்டு வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

யோசித்துப் பாருங்கள், அந்த ஐந்து சதவீதம் ஒரு அபாரமான கண்டுபிடிப்பு. யார் பின்தங்கியவர் என்று சாஸ்திரத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்டது. அதே சமயம், அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரே பெயரில் நின்ற கூட்டத்துக்குள் ஜமீன் வீட்டுப் பிள்ளையும் இருந்தான், அவர் வயலில் கூலிக்குப் போனவனின் பிள்ளையும் இருந்தான். அட்டவணைக்கு இருவரும் ஒன்று.

இந்த மாதிரிக் கோட்டுக்கு எத்தனை பலம் என்பது நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. நான் ரொம்ப ரசித்துப் படித்த இடம் இதுதான். 1960ல் அன்றைய மைசூர் மாநில அரசு டாக்டர் நாகன கவுடா தலைமையில் ஒரு குழு போட்டது. 1961ல் அறிக்கை. அவர்கள் எடுத்த அளவுகோல், உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில் ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஆயிரம் பேருக்கு எத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள் என்பது. மாநிலச் சராசரி ஆயிரத்துக்கு 6.9. அதற்குக் கீழே என்றால் பின்தங்கியவர், பாதிக்கும் கீழே என்றால் மிகப் பின்தங்கியவர். 1962 ஜூலையில் அரசு ஆணை வந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களில் பின்தங்கியவருக்கு 28, மிகப் பின்தங்கியவருக்கு 22, தாழ்த்தப்பட்டவருக்கு 15, பழங்குடியினருக்கு 3. கூட்டினால் 68.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பாலாஜி எதிர் மைசூர் மாநிலம். 1962 செப்டம்பர் 28ல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு. ஒதுக்கீடு பொதுவாக ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்களே, அந்த ஐம்பதின் பிறப்பிடம் இந்த மைசூர் வழக்குதான். ஆனால் அதைவிட என்னைப் பிடித்து இழுத்தது அதிலுள்ள தசமப் புள்ளிச் சண்டை. பின்தங்கியவர் பட்டியலில் ஆயிரத்துக்கு 7.1 மாணவர் வைத்திருந்த லிங்காயத்துகளும் இருந்தார்கள். சராசரி 6.9, இவர்கள் 7.1, இப்படிச் சராசரியை ஒட்டி நிற்பவர்களைப் பின்தங்கியவர் என்பது சரியில்லை, சராசரிக்கு ரொம்பக் கீழே இருப்பவர்களைத்தான் சொல்ல வேண்டும் என்றது கோர்ட். அந்த 0.2க்குப் பின்னால் எத்தனை டாக்டர் சீட், எத்தனை எஞ்சினியர் சீட்! எங்கள் பேங்கில் பாலன்ஸ் ஷீட்டில் 0.2 வித்தியாசம் வந்தால் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து தேடுவோம். இங்கே ஒரு மாநிலத்தின் மேல் கீழ் முழுவதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது.

அதற்குப் பின் தேவராஜ அரசு. நான் தினமும் நடக்கிற ரோட்டுக்கு அவர் பெயர். (மொஹல்லாவின் தேவராஜன் அவருக்கு ரொம்ப முந்தைய ராஜா. நான் வந்த புதிதில் இரண்டையும் ஒன்று என்று நினைத்து, ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஹுன்சூர் தாலுகா கல்லஹள்ளிக்காரர். 1972ல் முதல்வரானதும் ஹாவனூர் தலைமையில் ஆணையம் போட்டார். 1975ல் அறிக்கை. அதிலும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர்கள் ஆயிரத்துக்கு எத்தனை என்ற அதே மாதிரிக் கணக்குதான் அஸ்திவாரம். பிறகு 2015ல் காந்தராஜ் ஆணையம் வீடு வீடாக எடுத்தது. அந்தக் கணக்கு அறிக்கையாக அரசு கைக்குப் போனது 2024 பிப்ரவரியில். 2025ல் அது பழசாகிவிட்டது, புதிதாக எடுப்போம் என்று முடிவு பண்ணி, செப்டம்பர் 22ல் ஆரம்பித்ததுதான் என் வீட்டு மீட்டர் ஸ்டிக்கர். அட்டவணை காகிதத்திலிருந்து செல்போனுக்கு வந்திருக்கிறது. ஆயிரத்துக்கு எத்தனை என்பதை இனி ஒரு சொடுக்கில் வரைந்துவிடலாம். அப்பாவையும் மகனையும் இணைக்கிற நூல் மட்டும் இன்னும் இல்லை.

யாரும் முயலவில்லையா என்றால், முயன்றிருக்கிறார்கள். சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரண்டு பேரும் கூட்டாளிகளும் 'ஷ்ரக்' என்று ஒரு தரவுத் தளம் கட்டி இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். இந்தியாவின் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களை ஒரே சரட்டில் கோத்தது. அதோடு அப்பா-மகன் கணக்கையும் போட்டார்கள். வருமானம் கிடைக்காது, அதனால் படிப்பை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். 1960களில் பிறந்தவர்களின் அப்பாக்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடமே சரியாகப் போகாதவர்கள். எல்லாரும் ஒரே கட்டத்தில் குவிந்து கிடக்கிறார்கள், அவர்களுக்குள் யார் பத்தாவது இடம், யார் நாற்பதாவது இடம் என்று எப்படிப் பிரிப்பது? எனவே கீழ்ப்பாதியை மொத்தமாக எடுத்தார்கள். படிப்பு வரிசையில் கீழ்ப்பாதி அப்பாவின் மகன், தன் தலைமுறை வரிசையில் நூற்றுக்குச் சராசரியாக எந்த இடத்துக்கு வருகிறான்? அப்பா யாரென்பதே பொருட்டில்லாத நாட்டில் விடை 50. யாருமே அசையாத நாட்டில் 25. இந்தியாவின் விடை முப்பதுகளில் நிற்கிறது. 1960களில் பிறந்தவனுக்கும் 1980களில் பிறந்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை தாராளமயம், இத்தனை ஐ.டி. எல்லாம் வந்தும்! உள்ளே பிரித்துப் பார்த்தால் தாழ்த்தப்பட்டவர்களும் பழங்குடியினரும் ஏறியிருக்கிறார்கள், முஸ்லிம்கள் இறங்கியிருக்கிறார்கள். பொதுவாக தெற்கே பரவாயில்லை, நகரத்தில் பரவாயில்லை.

எங்கள் கிளைக்குக் கல்விக் கடனுக்கு மனு போட வரும் மண்டி மொஹல்லாப் பையன்களை நினைத்துக்கொண்டேன். பையன் பேசுவான், அத்தா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். உள்ளே வாங்க என்று இரண்டு தரம் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் படித்த சூட்டில் நானும் ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். சொந்தக் குடும்பத்துக்கு ஒரு அட்லஸ். ராஜ் செட்டி ஒரு பேட்டியில் சொன்ன விஷயம்தான் தூண்டுதல். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருடைய குடும்பத்திலும் ஒரு பிள்ளையைத்தான் மேலே படிக்க வைக்க முடிந்ததாம். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் இவருடைய அப்பாவும் அம்மாவுமாக இருந்தார்கள். அதன் விளைவைத் தன் ஒன்றுவிட்ட சகோதரர்களின் வாழ்க்கையையும் தன் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்தால் இன்றும் பார்க்க முடிகிறது என்கிறார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மார்க்கெட் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

எங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை. நாலு வீடு, பதின்மூன்று பிள்ளைகள். நாலு வீட்டிலும் தறி. வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். காலேஜ் வாசல் மிதித்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கு ஒருத்தர், சித்தப்பா வீட்டில் மட்டும் கடைசிப் பெண்ணையும் சேர்த்து இரண்டு. பெரியப்பா வீட்டில் மூத்தவன், அத்தை வீட்டில் கடைசி ஆள், எங்கள் வீட்டில் நான். அட்டவணை அழகாக வந்தது. நெசவாளி மகன் பேங்க் ஆபீசர். கோடு சர்ரென்று மேலே போகிறது. நீல நிறம் பூசினேன்.

அப்பா பக்கத்தில்தான் முட்டியது. 1990களில் அவர் வருமானம் என்ன? அம்மா போய்விட்டாள், அப்பாவும் இல்லை. முதலாளியிடம் பாவு வாங்கி, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்று எனக்கு ஞாபகமே இல்லை. எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் வளர்த்துவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள்.

"என்னடே, ராத்திரி நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா கூலியா? நோட்டு எங்கிட்டதான் இருக்கு. இரி, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்."

எனக்கு நோட்டு என்று ஒன்று இருந்ததே தெரியாது. அக்கா 1992ல் பத்தாவது முடித்தாள். கணக்கில் 94. (எனக்கு நாலு வருஷம் கழித்து 71. இதையும் எழுதிவைக்கிறேன்.) அந்த ஜூன் மாசம் அவள் பிளஸ் ஒன் போகவில்லை. தார் சுற்ற ஆள் வேண்டும், தறி நிற்கக்கூடாது, தம்பி படிக்கட்டும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, நான் போனேன், அவள் ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவுக்குக் கையெழுத்துதான் வரும், ஆகையால் கூலிக் கணக்கை அவளே எழுதியிருக்கிறாள். எட்டு வருஷம், கல்யாணமாகிப் போகிற வரைக்கும். போகும்போது நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை.

அவள் வாசிக்க வாசிக்க நான் கட்டத்தில் போட்டேன். மாசம், எத்தனை சேலை, கூலி, முன்பணத்தில் கழித்தது, கையில் வந்தது. தேதி தவறாமல், கூட்டல் தவறாமல். எத்தனையோ பேங்க் லெட்ஜர் பார்த்தவன் சொல்கிறேன், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதாம். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றாள், அனுப்பினாள். உண்மைதான்.

1998 ஜூனுக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள். "இதுல ஒனக்கு காலேஜ் பீஸு கட்டுனது இருக்கு. மொதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கு. அத அடைக்க அடுத்த தை வரைக்கும் ஆயிருக்குலே." அந்த ஏழு மாசமும் கையில் வந்தது என்ற கட்டம் பாதிதான். அந்த மாசங்களில் சேலை எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ராத்திரியும் தார் சுத்துனேன்லா. அப்பா ராத்திரியும் நெஞ்சாவ."

அதைப் போடக் கட்டம் எங்கே இருக்கிறது என்று ஷீட்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரிக் கணக்குகள் இந்தியாவில் பெரும்பாலும் அப்பாவுக்கும் மகனுக்கும்தான் போடப்படுகின்றன. கல்யாணமாகிப் போன பெண் கணக்கெடுப்பு நாளில் அப்பா வீட்டுப் பட்டியலில் இருக்கமாட்டாள், புருஷன் வீட்டில் இருப்பாள், அங்கே அவள் அப்பா யார் என்று பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. காரணம் நியாயமானதுதான். நானும் அந்த நியாயப்படியே ஷீட் போட்டிருந்தேன். பதின்மூன்று பேரில் காலேஜ் போன ஐந்து பேருக்குத்தான் முழு வரி. மீதி எட்டுப் பேரைக் கீழே 'இதர' என்று ஒரே வரியில் அடக்கியிருந்தேன்.

"சரி, என்ன எங்க போட்டிருக்க?" என்றாள் அக்கா. சும்மாதான் கேட்டாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

இரு அக்கா, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, என் பெயருக்கு மேலே வலது சொடுக்கு செய்து ஒரு வரி செருகினேன். பெயர், பிறந்த வருஷம் 1977, படிப்பு பத்தாவது. தொழில் என்ற கட்டத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. என்ன போடட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"இப்பமா, அப்பமா?" என்றாள்.